புதுப்பிப்பு: மாடி அறைத் தடுப்புக்கு மரச்சட்டத்தை நிமிர்த்தியாச்சு

செங்கோட்டை வீட்டு மாடி அறையை இரண்டாகப் பிரிக்க மரச்சட்டத் தடுப்பு நானே கட்டப் போகிறேன், நிற்கும் சட்டங்களுக்கு இடைவெளி எவ்வளவு, மூலைகள் சதுரமாக (90 டிகிரி) இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சட்டத்தை நிமிர்த்திப் பொருத்திவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இடைவெளி, நடுவுக்கு நடு 2 அடி. சட்டத்தின் மேல் அடிக்கப்போகும் சிமெண்ட் ஃபைபர் போர்டு 4 அடி அகலம் என்பதால் இரண்டு போர்டு சேரும் இடம் சரியாக ஒரு சட்டத்தின் நடுவில் விழும். இரண்டுக்கும் ஸ்க்ரூ பிடிக்க மரம் கிடைக்கும். முதல் அளவை மட்டும் ஓரச் சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எடுங்கள். அதன் நடுவிலிருந்து எடுத்தால் சேருமிடம் தள்ளிப் போய்விடும்.

சதுரத்துக்கு, தரையில் படுக்கவைத்துப் பூட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தேன். எது நீளமோ அந்த மூலையை உள்ளே தட்டத் தட்ட இரண்டும் ஒன்றாகின. அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷம்!

கான்கிரீட் கூரை என்றால் உயரத்தில் கவனம் வேண்டும். கூரை உயரத்துக்கே சட்டம் செய்தால் நிமிர்த்தும்போது மேலே இடிக்கும், சாய்ந்திருக்கும்போது சட்டத்தின் தடிமனும் சேர்வதால் மூலைக்கு மூலை நீளம் அதிகம். அரை அங்குலம் குறைத்துச் செய்து, மேலே ஆப்பு வைத்து இறுக்கினேன். தூக்குக்குண்டு விட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே கான்கிரீட்டில் பிடிக்கும் ஆங்கர் போல்ட் போட்டேன்.

புனலூர்ப் பக்கம் ரப்பர் மரம் மலிவு என்று சொன்ன அண்ணனுக்கு: மருந்தேற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் துளைத்துவிடும் அண்ணே, அதனால் விட்டுவிட்டேன். நன்றாகக் காய்ந்த சட்டமாகவே எடுத்தேன். நம்மூர்ச் சாரலில் ஈரச் சட்டம் வாங்கினால் காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து வயரிங் பைப், அப்புறம் போர்டு.