மௌவா மரத்தை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நாகலூர்க்காரன்:
பிறந்து வளர்ந்தது எல்லாம் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில்தான். சில்வர் ஓக்கும் அதில் ஏறும் மிளகுக் கொடியும் தவிர வேறு மரத்தை நின்று பார்த்த பழக்கம் இல்லை. போன மே மாதம் ராணுவத்தில் இருக்கும் மச்சானைப் பார்க்க சிலிகுரிப் பக்கம் போயிருந்தோம். ஒரு நாள் கர்சியாங் மலைக்குக் கூட்டிப் போனார். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினால், தலைக்கு மேலே பெரிய மரம் ஒன்று. கிளையெல்லாம் சாண் நீளத்துக்குச் சரம் சரமாகத் தொங்குகிறது. பூவா காயா என்றே தெரியவில்லை.

கீழே உதிர்ந்ததைப் பொறுக்கினேன். மிளகு அளவுக்கு ஒரு கொட்டை, மேலெல்லாம் சுணை. அதோடு ஒட்டி, காகிதம் மாதிரி மூன்று சிறகு. நடுச் சிறகு மட்டும் நீளம். வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. மகள் ஒன்றைப் பள்ளத்துப் பக்கம் வீசினாள். சுழன்றுகொண்டே சரிவில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு மேலே போய் மறைந்தது. அப்புறம் பொறுக்கியதில் பாதியை அவளே பறக்கவிட்டுத் தீர்த்துவிட்டாள்.

பக்கத்து டீக்கடைக்காரர் 'மௌவா' என்றார். அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிக்கு இதைத்தான் அறுப்பார்களாம். ஊர் வந்து தேடினால் அதன் அறிவியல் பெயர் எங்கெல்ஹார்டியா ஸ்பைகேட்டா, அதுவும் அக்ரூட் (வால்நட்) குடும்பம்! இமயமலையிலிருந்து பர்மா வழியாக ஜாவாவின் மலைக்காடுகள் வரை இருக்கிறது. நம் சேர்வராயன் மலையில் இயற்கையாகக் கிடையாது. எங்கெல்ஹார்ட் என்பவர் ஜாவாவில் இருந்த டச்சு ஆளுநர். அவர் பெயரை மரத்துக்கு இட்ட லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரர், பின்னால் 1816-இல் நம் புதுச்சேரிக்கு வந்து செடிகள் சேகரித்தவர். இதைப் படித்ததும் அந்த மரம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது.

செவ்வாய்ப்பேட்டை மளிகை:
அண்ணா, அக்ரூட் சொந்தக்காரனுக்குச் சிறகா? லீ பஜாரில் மூட்டை மூட்டையாகப் பார்த்தவனுக்கு நம்பவே முடியவில்லை. காஷ்மீர் போனபோது மரத்தடியில் கிடந்த பச்சைக் காயை வெறுங்கையால் உரித்தேன். மேல்தோல் சாறு பட்டு விரலெல்லாம் கறுத்துவிட்டது. சேலம் வந்து பத்து நாள் கல்லாவில் உட்கார்ந்தும் கறை போகவில்லை.

மஞ்சக்குட்டை:
ஒரு நர்சரியில் "மலை மேல் நன்றாகக் காய்க்கும்" என்று சொல்லி அக்ரூட் கன்று கொடுத்தார்கள். ஏழு வருடம் ஆகிறது, இலை மட்டும்தான். குளிர்காலத்தில் 7 டிகிரிக்கும் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஏற்காட்டுக் குளிர் அதற்குப் போதாது. வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் இலையைக் கசக்கினால் வரும் வாசனைக்காகவே வெட்டாமல் வைத்திருக்கிறேன். அந்தச் சிறகு விதை மீதி இருக்கிறதா அண்ணா?

நாகலூர்க்காரன்:
மூன்று இருக்கிறது தம்பி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. வரும்போது அந்த அக்ரூட் இலை ஒன்று கொண்டு வாங்க, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.