லேப்ரின்த் உறுப்பு: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கௌராமி, ஃபைட்டர் மீன்களுக்கான வளர்ப்புக் குறிப்பு ஒன்று தமிழில் தயாராகிறது. அதில் 'லேப்ரின்த் உறுப்பு' என்ற இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. இம்மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் இழுக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக்கொள்ளும் உறுப்பு அது. 'சிக்கலறை' என்றால் படிப்பவர் நோய் என்று நினைத்துவிடுவார். 'புதிர்வழி உறுப்பு' சரிவருமா?

———

> 'புதிர்வழி உறுப்பு' சரிவருமா?

வேண்டாம் ஐயா. உட்காதின் வளைவறைகளுக்கும் லேப்ரின்த் என்றே பெயர். மீனுக்கும் உட்காது உண்டு. நேராகப் பெயர்த்தால் ஒரே தலைக்குள் இரண்டு புதிர்வழிகள் வந்துவிடும்.

உறுப்பைப் பார்த்தே பெயர் வைக்கலாம். முதல் செவுள் வளைவின் மேலெலும்பு விரிந்து, கசக்கிய தாள்போல மெல்லிய தகடுகளாக மடிந்திருக்கிறது. தகடுகளைப் போர்த்திய தோலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். இருப்பது செவுளுக்கு மேலுள்ள தனி அறையில். ஆகவே 'மடிப்புச்செவுள்' என்பது என் பரிந்துரை.

———

பாடநூல்களில் 'துணைச் சுவாச உறுப்பு' ஏற்கெனவே இருக்கிறதே? அதையே வைத்துக்கொண்டால் என்ன?

———

> 'துணைச் சுவாச உறுப்பு' ஏற்கெனவே இருக்கிறதே?

அது பல உறுப்புகளுக்கான பொதுப்பெயர். விராலின் செவுள்மேல் அறையும் அதில் அடங்கும், தேளியின் உடல்நெடுக ஓடும் காற்றுப்பையும் அடங்கும். கௌராமி, ஃபைட்டர், பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்கே உரிய மடிப்புத் தகட்டைக் குறிக்கத் தனிச்சொல் வேண்டும். 'துணை' என்ற அடையும் இங்கே ஆபத்தானது. வளர்ந்த கௌராமிக்கு மேற்காற்று துணை இல்லை, கட்டாயம். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும், மேலே வரவிடாமல் தடுத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதே காரணத்தால் 'மடிப்புச்செவுள்' என்பதையும் ஏற்க முடியவில்லை, அம்மா. பிறப்பு செவுள் வளைவில்தான், மறுக்கவில்லை. ஆனால் செவுள் என்றதும் நீரிலிருந்து மூச்சு என்றுதான் புதியவர் எடுத்துக்கொள்வார். தொட்டியை விளிம்புவரை நிரப்பிக் கண்ணாடியால் மூடிவிடுவார். மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 5 முதல் 8 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மூடியும் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடைவெளிக் காற்று நீரளவு வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் நிற்கும். மிதவைச் செடி நீர்ப்பரப்பு முழுவதையும் அடைத்தாலும், எண்ணெய்ப் படலம் படிந்தாலும் மீனுக்கு இடைஞ்சல்தான். செடியில் மூன்றில் ஒரு பங்கையாவது விலக்கிவிடுங்கள். படலத்தின்மேல் வெறும் தாளை விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

குஞ்சுகளுக்கு இது இன்னும் முக்கியம். பொரித்தவுடன் இந்த மடிப்பு இருக்காது, செவுளால்தான் மூச்சு. மூன்று நான்கு வாரத்தில் மடிப்பு உருவாகி, முதல்முறையாக மேலே வந்து காற்றை இழுக்கும். அந்த நாட்களில் குளிர்ந்த காற்று பட்டால் கொத்தாகச் சாகும். தொட்டியை இறுக்கமாக மூடிவைக்க வேண்டிய காலம் அதுதான்.

எனவே 'வளிமடிப்பு'. எடுப்பது வளியை, வடிவம் மடிப்பு. 'அனபாஸ்' என்ற கிரேக்கப் பெயரும் 'பனையேறி' என்ற தமிழ்ப் பெயரும் மீன் செய்வதைப் பார்த்தே வைத்தவை. நாமும் அந்த வழியிலேயே போவோம்.

———

'வளிமடிப்பு' பிடித்திருக்கிறது. ஒரு கவலை: காற்றிலிருந்து மூச்சுவிடும் மீன் என்றதும் வடிகட்டி தேவையில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். வளிமடிப்பு தருவது ஆக்சிஜன் மட்டும். அம்மோனியாவை வெளியேற்றுவது செவுள்தான். சின்னக் கிண்ணத்தில் கழிவு சேர்ந்தால் அந்தச் செவுள்தான் முதலில் வெந்துபோகும். விளக்கத்தில் இதையும் சேருங்கள்.

———

சேர்த்துவிட்டேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

வளிமடிப்பு (பெயர்ச்சொல்): கௌராமி, ஃபைட்டர், பனையேறி வகை மீன்களில் செவுளுக்கு மேலுள்ள அறையில் அமைந்த மடிப்புத் தகட்டு உறுப்பு; வாய்வழி இழுத்த காற்றிலிருந்து ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்ப்பது. கழிவு நீக்கம் செவுளின் வேலை. இவ்வுறுப்புடையவை 'வளிமடிப்பு மீன்கள்'.

எடுத்துக்காட்டுக்கு முத்து கௌராமியை வைக்கிறேன். உடல் முழுவதும் வெண்முத்துப் புள்ளி, மூக்கிலிருந்து வால் அடிவரை கருங்கோடு, இழைபோல நீண்ட வயிற்றுத் துடுப்பு. ஆணின் முதுகுத் துடுப்பு கூர்ந்து நீளும். இனப்பெருக்கக் காலத்தில் தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாகும். பெண்ணுக்கு முதுகுத் துடுப்பு குட்டை, வட்டம். வளர்ந்தால் 12 செ.மீ. வரை வரும். ஓர் ஆண், இரண்டு மூன்று பெண் என்றால் 120 லிட்டர் தொட்டி, 24 முதல் 28 டிகிரி செல்சியஸ், மெல்லிய நீரோட்டம். ஓட்டம் பலமாக இருந்தால், முட்டைகளுக்காக ஆண் நீர்ப்பரப்பில் கட்டும் நுரைக்கூடு கலைந்துவிடும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்ற வேண்டும்.

———

எடுத்துக்காட்டில் ஒரு வரி கூட்டலாம். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு இறங்குவது வளிமடிப்பு மீனுக்கு இயல்பு. மேலேயே தொங்கிக்கொண்டு, செவுள் மூடி விரிய வேகமாக மூச்சு வாங்கினால், உடனே நீரில் அம்மோனியாவையும், அதிலிருந்து உண்டாகும் நச்சான நைட்ரைட்டையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் சுழியமாக இருந்தால் செவுள் ஒட்டுண்ணியைத் தேடுங்கள்.