வீட்டில் விஆர் ஆட்டம்: வாங்கிப் பார்த்தவர்களின் அனுபவம்

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள். 2016 வாக்கில் போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிக் கண்ணாடி ஒன்று வாங்கி, பத்தே நிமிஷத்தில் அலமாரியில் போட்டுவிட்டேன். விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி, நாமே உள்ளே நிற்பது போலக் காட்டும் கணினி உலகம்) என்றால் இவ்வளவுதான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அது தப்பு. அட்டைப்பெட்டிக்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும். குனிந்தால், ஓர் அடி முன்னால் போனால் அதற்குத் தெரியாது. இப்போது வரும், தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டில் வெளிப்பக்கமாகக் கேமராக்கள் இருக்கின்றன. அவை அறையைப் பார்த்துக்கொண்டே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், கை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகின்றன. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால் அடியில் இருப்பது தெரியும். அந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாமே.

அக்கா வீட்டுக்காரர் டல்லாஸிலிருந்து வந்தபோது மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒன்று கொண்டுவந்தார். எனக்காகத்தான் கேட்டேன். ஆனால் அதிகம் ஆடுவது அப்பா.

அப்பா இளவயதில் ஆபீஸ் ரெக்ரியேஷன் கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடியவர். முழங்கால் வலி வந்தபின் மட்டையைத் தொட்டே பன்னிரண்டு வருஷம் ஆகிறது. 'லெவன் டேபிள் டென்னிஸ்' என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதைப் போட்டு, ஹெட்செட்டை மாட்டி, மட்டைக்குப் பதிலாகக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு மணிக்கட்டை வெட்டித் திருப்பி ஒரு சர்வ் போட்டார். அவருக்குத் தெரிவதை நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், பந்து மேஜையில் பட்டதும் பக்கவாட்டில் விலகி ஓடியது. "டேய், ஸ்பின் எடுக்குதுடா!" என்றார். அந்தக் குரலை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சிக்கல் வந்ததும் அன்றைக்கேதான். ஒரு நீளமான ரேலி முடிந்து மூச்சு வாங்கியபோது, இடது கையை மேஜையில் ஊன்றப் போனார். அங்கே மேஜை ஏது? நான் பக்கத்திலேயே நின்றதால் தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு நாள் ஆட்டம் முடிந்ததும் மட்டையை மேஜையில் வைக்கிற பழக்கத்தில் கையை விட்டுவிட்டார். மணிக்கட்டுக் கயிறு மாட்டியிருந்ததால் கன்ட்ரோலர் தொங்கிக்கொண்டு நின்றது. பெரியவர்கள் ஆடும்போது யாராவது ஒருவர் கூட இருக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஹால் 12-க்கு 10 அடி. சோபாவையும் டீப்பாயையும் சுவரோரம் தள்ளினால் நடுவில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் தேறும். நின்று, நகர்ந்து ஆட ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். எல்லைக்கோட்டை நாமே வரைந்துகொள்ளலாம், அதைத் தாண்டப் போனால் கண்முன் ஒரு வலை தோன்றி எச்சரிக்கும். ஆனால் தலைக்கு மேல் ஃபேன் ஓடுவதை அது சொல்லாது. கையை உயர்த்தி வீசும் ஆட்டம் என்றால் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் கன்ட்ரோலர் உரசி, இறக்கையின் ஓரம் வளைந்த பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது.

* * *

நான் கோவை. கண்ணாடி போடுகிறவள், அதனால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2020-இல் வந்த குவெஸ்ட் 2. முதல் வாரம் முழுக்க எழுத்தெல்லாம் மங்கலாகவே தெரிந்தது, தலைவலி வேறு. என் பவர்தான் காரணம் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் லென்ஸ்களின் இடைவெளி எனக்குப் பொருந்தவே இல்லை. அதில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். கண்ணாடிக் கடையில் என் இரண்டு கருவிழிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லச் சொன்னேன். 59 என்றார்கள். லென்ஸைக் கையால் உள்ளே தள்ளி முதல் நிலையில் வைத்ததும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. குவெஸ்ட் 3-இல் இதற்கென்றே ஒரு சக்கரம் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொள்ளலாம்.

பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், கண்ணாடி போடுகிறவர்கள் அதை மாட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் உங்கள் கண்ணாடி ஹெட்செட் லென்ஸில் உரசிக் கீறல் விழும். கீறல் விழுந்தால் போகவே போகாது. அப்புறம், ஜன்னலோரமோ பால்கனியிலோ வைக்காதீர்கள். சூதாட்டம் மாதிரிதான் அது. உள்ளே இருப்பது பூதக்கண்ணாடி போன்ற லென்ஸ். வெயில் நேராக விழுந்தால் திரையில் ஒரு புள்ளியைச் சுட்டுவிடும்.

எனக்கு இது வாங்கியதற்கு முழுக்கத் தகுதியான பொருள். தினமும் மாலை அரைமணி 'பீட் சேபர்' ஆடுகிறேன். பிராகைச் சேர்ந்த சின்ன நிறுவனம் ஒன்று 2018-இல் வெளியிட்டது. தாளத்துக்கு ஏற்பச் சிவப்பும் நீலமுமாகக் கட்டைகள் பறந்துவரும், இரண்டு கையாலும் வெட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டிவிடும்.

* * *

மேலே இரண்டு பேரும் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

முதல் நாளே ரோலர் கோஸ்டர் ஆட்டம் ஒன்றைப் போட்டேன். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது இறக்கத்தில் நெற்றியில் குளிர்ந்த வேர்வை வந்தது, வாயில் எச்சில் ஊறியது. பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, படுத்தாலும் கட்டில் ஆடுவது போலவே இருந்தது.

கண் 'ஓடுகிறோம்' என்கிறது, காதுக்குள் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். மலைப்பாதைப் பஸ்ஸில் வாந்தி வருகிறதே, அதே கதை தலைகீழாக. கொடைக்கானல் போகும்போது ஜன்னல் சீட் கேட்கிற ஆள் நான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு இரண்டு வாரம் முறையாக முயன்றேன். தினம் பத்து நிமிஷம், முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன், கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியைத் தள்ளி நடக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் முறை. நின்று ஆடும் ஆட்டங்கள் ஓரளவு சரியாகின. ஆனால் எனக்குப் பிடித்தவை எல்லாம் கார் ஓட்டுவதும் ஓடிச் சுடுவதும்தான். அவற்றில் ஒருநாளும் அரைமணி தாண்டவில்லை. தெரிந்தவர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். பயணத்தில் தலைசுற்றும் ஆளாக இருந்தால், காசு போடும் முன் நண்பர் வீட்டில் ஒரு மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். குமட்டல் தொடங்கிய நொடியிலேயே கழற்றிவிடுங்கள், பல்லைக் கடிக்க வேண்டாம்.

* * *

அண்ணா, என் பையனுக்கு எட்டு வயது. கொடுக்கலாமா?

* * *

தம்பி, வேண்டாம். மெட்டா முதலில் 13 வயது என்றுதான் வைத்திருந்தது. 2023-இல் பெற்றோர் மேற்பார்வையில் தனிக் கணக்கு வைத்து 10 வயது முதல் ஆடலாம் என்று குறைத்தது. எட்டு அதற்கும் கீழே. குவெஸ்ட் 3-இன் எடையே 515 கிராம், அரைக் கிலோவுக்கும் மேல். குழந்தையின் கழுத்து அதைத் தாங்க வேண்டுமே. இரண்டு வருஷம் பொறுங்கள்.

குமட்டல் பற்றி எழுதிய சாருக்கு நன்றி. அப்பாவுக்கு அது வராததற்குக் காரணம் இப்போதுதான் பிடிபட்டது. டேபிள் டென்னிஸில் அவர் ஓர் அடி நகர்ந்தால் ஆட்டத்திலும் அதே ஓர் அடிதான் நகர்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் சண்டையே இல்லை. வாங்கலாமா என்று கேட்பவர்கள், எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஹெட்செட்டைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல விட்டுவிட்டேன். ஹால் நடுவில் ஒரு சின்ன மிதியடி போட்டு, வெறுங்காலோடு அதன்மேல் நின்று ஆடச் சொல்கிறேன். கால் வெறும் தரையில் பட்டால், நடுவிலிருந்து விலகிவிட்டோம் என்று அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது, மேஜைக்காகக் கையை நீட்டுவதும் குறைந்திருக்கிறது. ஞாயிறு காலை காபி குடித்ததும் அந்த மிதியடியை அவரே கொண்டுவந்து போடுகிறார்.