டேட்டாபேஸ் வேலைக்கு அமெரிக்கா வந்திருக்கிறீர்களா? தேதியில் கவனம்

வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். டேட்டாபேஸ் வேலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு.

இங்கே 04/05/2024 என்றால் ஏப்ரல் 5. நம் கையோ நாளை முதலில் எழுதியே பழகியது. நாள் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிழைச் செய்தி வந்து காப்பாற்றிவிடும். 12 வரைக்கும்தான் வம்பு. தப்பான தேதி சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

டேட் வகையில் சேமித்த தேதிக்கு ஃபார்மட் என்று ஒன்றும் கிடையாது. திரையில் காட்டும்போதும், எழுத்தாக வந்ததைத் தேதியாகப் படிக்கும்போதும்தான் அது தேவை. அதனால் அமெரிக்க வடிவம் வேண்டும் என்று யாராவது கேட்டால், தேதியை வர்சாராக, அதாவது வெறும் எழுத்தாக, மாற்றி வைத்துவிடாதீர்கள். அப்புறம் தேதி வாரியாகச் சரியாக வரிசைப்படுத்த முடியாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'ஷோ டேட்ஸ்டைல்' கட்டளை கொடுத்தால் வழக்கமாக 'ஐஎஸ்ஓ, எம்டிஒய்' என்று வரும்; ஐஎஸ்ஓ என்றால் வருடம் முதலில் வரும் வடிவம், எம்டிஒய் என்றால் மாதம்-நாள்-வருடம் என்ற வரிசை. முதல் பாதி காட்டுவதற்கு, இரண்டாவது பாதி படிப்பதற்கு. இரண்டாவதை மட்டும் டிஎம்ஒய் (நாள்-மாதம்-வருடம்) ஆக்கிவிட்டு, திரையில் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் உண்டு.

ஆரக்கிள் டேட்டாபேஸில் டிடி-மான்-ஆர்ஆர் வடிவம் (நாள், மாதப் பெயர், இரண்டு இலக்க வருடம்) நேரத்தைக் காட்டாது. நேரம் தொலைந்துவிட்டதாகப் பதற வேண்டாம், உள்ளேதான் இருக்கிறது. 'ஆல்டர் செஷன்' கட்டளை மூலம், தேதி காட்டும் வடிவத்தைத் தீர்மானிக்கும் என்எல்எஸ் டேட் ஃபார்மட்டில் நேரத்தையும் சேர்த்தால் தெரியும். அந்த வடிவத்தில் நிமிடத்துக்கு எம்ஐ; எம்எம் போட்டால் மாதம்தான் வரும்.

இருப்பதிலேயே விஷமம் எஸ்க்யூஎல் சர்வர்தான். லாகினுக்கு வைத்திருக்கும் மொழியைப் பொறுத்து தேதியின் அர்த்தம் மாறும். பிரிட்டிஷ் மொழி வைத்த லாகினில், பழைய டேட்டைம் வகைக்கு '2024-05-04' என்று கொடுத்தால் அது ஏப்ரல் 5 ஆகிவிடும்! லண்டன் டீமுடன் சேர்ந்து வேலை என்றால் இதை மறக்காதீர்கள். கோடு எதுவும் இல்லாமல் '20240504' என்று எழுதுங்கள், எந்த லாகினிலும் மே 4தான். மைஎஸ்க்யூஎல் எப்போதும் வருடம் முதலில்தான் காட்டும், வேறு வடிவம் வேண்டுமானால் டேட் ஃபார்மட் ஃபங்ஷன் இருக்கிறது.

இன்னொன்று: வந்த புதிதில் சர்வர் அளவில் தேதி அமைப்பைத் தொடாதீர்கள். நீங்கள் இணைந்திருக்கும் செஷனில் மட்டும் மாற்றுங்கள். வெளியிலிருந்து ஃபைல் வந்தால், தேதி எந்த வரிசையில் இருக்கிறது என்று அனுப்பியவரிடமே கேளுங்கள். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் 'டு டேட்' ஃபங்ஷனில் அந்த வரிசையை வெளிப்படையாக எழுதிவிடலாம்.