திறந்த அணுக்கம்: தங்கம், பச்சை, வைரம் வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கும்படி திறந்து வைப்பதை ஆங்கிலத்தில் ஓப்பன் ஆக்சஸ் (open access) என்கிறார்கள். அது தொடர்பான சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் கருத்து இது. 'திறந்த அணுக்கம்' என்பதை அப்படியே விட்டுவிடலாம், புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல், இனி அதில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். எனக்கு உறுத்துவது அதன் வகைகளுக்கு முன்மொழியப்பட்டிருக்கும் தங்க அணுக்கம், பசுமை அணுக்கம், வைர அணுக்கம் என்ற பெயர்கள். ஆங்கிலத்திலேயே இவை துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் புரிகிற சங்கேதம். அதை ஏன் நாமும் சுமக்க வேண்டும்?

நரம்பறிவியலில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளையைப் படமெடுத்து ஆராயும் மூளைப் படிமவியலின் முக்கிய இதழான நியூரோஇமேஜ் 2020இல் முழுக்கத் திறந்த இதழானது. படிக்கிறவருக்குச் செலவில்லை, எழுதுகிறவர்தான் கட்டுரைக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அது 3,450 டாலர் வரை போனது. பதிப்பாசிரியர்கள் குறைக்கச் சொன்னார்கள், இதழை வெளியிடும் எல்செவியர் நிறுவனம் மறுத்தது, 2023 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டுமொத்தமாக விலகி எம்ஐடி பிரஸ் என்ற பல்கலைக்கழகப் பதிப்பகத்துடன் சேர்ந்து இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற இதழைக் குறைந்த கட்டணத்தில் தொடங்கினார்கள். இத்தனை பெரிய சண்டையைத் 'தங்க அணுக்கச் சிக்கல்' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? (தங்கம் என்றதும் விலை நினைவுக்கு வருவது மட்டும் பொருத்தம்தான்!) அதோடு, 'தங்கம்' என்பதற்கே கட்டணம் என்ற பொருள் கிடையாது. இதழே கட்டுரையைத் திறந்து வைத்தால் அது தங்கம், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

அதனால் என் பரிந்துரை: யார் திறக்கிறார்கள் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுவோம். தங்கத்துக்குப் பதில் 'இதழ்வழி அணுக்கம்'. கட்டுரை ஆசிரியரே பிரதியை இணையக் களஞ்சியத்தில் சேர்க்கும் பசுமைக்குப் பதில் 'களஞ்சியவழி அணுக்கம்'. எழுதுகிறவரிடமும் காசு வாங்காத வைரத்துக்குப் பதில் 'கட்டணமிலா இதழ்வழி அணுக்கம்'. நீளம்தான், ஆனால் விளக்கக் குறிப்பு தேவைப்படாது. எழுதுகிறவர் கட்டும் தொகைக்கான 'கட்டுரைச் செயலாக்கக் கட்டணம்' என்பதற்கு 'வெளியீட்டுக் கட்டணம்' போதும்.

அப்புறம், 'இலவச அணுக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது கூடாது. திறந்த அணுக்கத்தை வரையறுத்த 2002ஆம் ஆண்டு புடாபெஸ்ட் அறிக்கை படிக்கும் உரிமையோடு நிற்கவில்லை, நகலெடுக்க, பகிர, மென்பொருளுக்குத் தரவாகக் கொடுக்கவும் உரிமை கேட்டது. நியூரோசிந்த் போன்ற கருவிகள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளிலிருந்து மூளையின் எந்தப் புள்ளிகள் செயல்பட்டன என்ற ஆயத்தொலைவுகளைத் தானாகவே திரட்டித் தொகுத்து ஆராய்கின்றன. திரையில் படிக்க மட்டும் அனுமதி இருந்தால் இந்த வேலைக்கு அது உதவாது. ஆகவே படிக்க மட்டும் என்றால் 'இலவச வாசிப்பு', மறுபயன்பாட்டு உரிமமும் சேர்ந்திருந்தால் 'கட்டற்ற அணுக்கம்', இரண்டையும் பிரித்தே வைப்போம்.

கடைசியாக, 2013 முதல் பயோஆர்க்கைவ் என்ற உயிரியல் கட்டுரைத் தளத்தில் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே ஏற்றப்படும் கட்டுரைகளுக்கு (ஆங்கிலத்தில் பிரீபிரின்ட், preprint) 'முன்வெளியீடு' சரிவராது. நம் பதிப்பகங்கள் புத்தகத்துக்கு முன்பணம் வாங்குவதைத்தான் முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறார்கள். அச்சே இல்லையே என்ற ஆட்சேபம் இருந்தாலும் என் ஓட்டு 'முன்னச்சு'க்கு. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளத் தயார்.