விலங்கியல் முடித்துவிட்டு கால்நடை மருத்துவம் படிக்கலாமா?

தேன்சிட்டு: பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறேன். போன மாசம் எங்க செவலை மாடு கன்று ஈன முடியாமல் தவித்தது. டாக்டர் தோள்பட்டை வரை கையை விட்டு, மடங்கிக் கிடந்த முன்னங்காலை நேராக்கிக் கன்றை இழுத்தார். அன்றிலிருந்து அந்த வேலைதான் வேணும்னு இருக்கு. நேரா இரண்டாம் வருஷத்தில் சேர வழி உண்டா?

மலையடி: இல்லைம்மா. முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்கணும். பயிற்சியோடு ஐந்தரை வருஷம். மனசு அவ்வளவு உறுதின்னா தயங்காதே.

நான் எதிர்த்திசையில் வந்தவன். ஆறு வருஷம் மாட்டு வைத்தியம். ஒருநாள் காட்டில் செத்துக் கிடந்த யானையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் உடலை அறுக்கக் கூடாது. காதிலுள்ள ரத்தக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்ப்போம். அதைச் செய்தேன். அந்த யானை எங்கிருந்து வந்தது, எங்கே தண்ணீர் குடித்தது என்று கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை. அந்த வருஷமே காட்டுயிர் முதுகலைக்கு விண்ணப்பித்தேன்.

தேன்சிட்டு: அண்ணா, அங்கே கஷ்டமா இருந்ததா?

மலையடி: ரொம்ப. சாணத்தைக் கிளறினால் எனக்குக் குடற்புழு முட்டைதான் தெரியும். உன்னை மாதிரி விலங்கியல் படித்தவர்கள்தான் அது எந்தப் புல், எந்தப் பட்டை என்று காட்டினார்கள். அந்தக் கண்ணை நீ இங்கேயும் கொண்டு வா.