"முதலாளி இல்லையா?": டெல்டாவில் சிறுதொழில் நடத்துவோரின் அனுபவப் பகிர்வு

மன்னார்குடி, மோட்டார் வைண்டிங் கடை

சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் கொஞ்சம் அனுபவம் சொல்லுங்கள். வேலை தெரிந்தவன் கடை போட்டுவிடலாம். நாலு பேரை வைத்து அந்தக் கடையை நடத்துவது தனி வித்தை. எனக்கு அது 2024 குறுவை நேரத்தில்தான் உறைத்தது.

அந்த வருடம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, போர் செட் வைத்திருந்தவர்கள் நாற்று விட்டார்கள். மோட்டார்களுக்கு ஓய்வே இல்லை. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனாலும் நம் ஆட்கள் நிறுத்த மாட்டார்கள், கண்டென்சர் போட்டு ரெண்டு பேஸிலேயே ஓட்டுவார்கள். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிக் கடைக்கு வரும். வாசல் முழுக்க மோட்டார். வருகிற ஒவ்வொருவரும் கேட்டது, "முதலாளி இல்லையா?"

என்னிடம் ஒரு தம்பி வேலை பார்க்கிறார், ஐடிஐ முடித்தவர். நீர்மூழ்கி மோட்டாரை அவர் கட்டினால் நான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. பழைய காயிலை அறுத்து எடுக்கும்போதே ஸ்லாட்டுக்கு (கம்பி இறங்குகிற பள்ளம்) எத்தனை சுற்று, எந்த கேஜ் (கனம்) கம்பி என்று நோட்டில் ஏற்றிவிடுவார். தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற மோட்டார் அது. பிளாஸ்டிக் உறை போட்ட பாலி ஒயரை உள்ளே இறக்கும்போது மேல் உறையில் நகக்கீறல் விழுந்தாலும் மொத்த வேலையும் வீண். ஸ்லாட் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் தேய்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொடுவார். இப்படிப்பட்ட ஆள் இருக்கும்போதும் வடுவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "நீ கட்டுனாத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் கட்டிக் கொடுத்தேன்.

ராத்திரி ஷட்டர் இறக்கும்போது தம்பி சொன்னார்: "அண்ணே, நீங்க கடையில இருந்தா நான் சொல்ற விலையும் செல்லாது, நாளும் செல்லாது. அப்புறம் என்னை எதுக்கு மெக்கானிக்குன்னு சொல்றீங்க?"

மறுநாளிலிருந்து விலை கேட்டு வந்தவர்களை அவரிடமே அனுப்பினேன். அவர் சொன்ன விலையில் பத்து ரூபாய்கூட நான் குறைப்பதில்லை. ஊரில் இது லேசான காரியமில்லை, பாதிப் பேர் மாமன் மச்சான் முறை. ரசீதில் யார் கட்டியது என்று பெயர் போட்டோம். வேலை முடிந்ததும் மோட்டாரைத் தொட்டியில் இறக்கி, வாடிக்கையாளர் கண்முன்னே மூன்று ஒயரிலும் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டிக் காட்டச் சொன்னேன். மூன்றிலும் ஆம்ப்ஸ் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வைண்டிங் சரி. கட்டியது முதலாளியா தம்பியா என்பது மீட்டருக்குத் தெரியாது.

வடுவூர்ப் பெரியவர் இப்போதும் என்னைத்தான் கேட்கிறார். அவர் மகன் தம்பிக்கு நேராகப் போன் போடுகிறார். முதலில் கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்வானேன். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

கும்பகோணம், ஜவுளிக்கடை

அண்ணே, உங்கள் கடையில் எல்லோரும் முதலாளியைத் தேடுகிறார்கள். எங்கள் கடையில் முதலாளியின் பார்வைக்குப் பயந்து ஒதுங்கினார்கள். மாமனார் காலத்துக் கடை, இப்போது நான் பார்க்கிறேன். அவர் இன்னும் கல்லாவில் உட்காருவார். 2021-ல் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே, அதற்காக ஸ்டூல் வாங்கிப் போட்டோம். ஒருத்தரும் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் ஸ்டூல் மேல் புடவைப் பெட்டிகள் ஏறிவிட்டன. சீனியர் அக்காவைக் கேட்டேன். "பெரியவர் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாப்பாரும்மா, அதுக்கு நிக்கலாம்" என்றார்.

மாமனாரிடம் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அக்காவை என் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து ஸ்டாக் நோட்டு எழுதச் சொன்னேன். நோட்டு எழுதுகிறவரை யார் எழுப்புவது? அக்காவைப் பார்த்து மற்றவர்களும் மெதுவாக உட்கார ஆரம்பித்தார்கள். குறுக்குவழிதான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பேராவூரணி, கொப்பரைக் களம்

எனக்குப் பாடம் நடத்தியது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்துவிட்டது. களத்து ஷெட்டின் தகரம் அடுத்த தெருவில் கிடந்தது. கரண்ட் வாரக்கணக்கில் இல்லை. காய் உரிக்கிற ஆட்களும் உடைத்துத் தோண்டுகிற பெண்களும், கூரை போன வீட்டை விட்டுவிட்டு வந்து, "வேலை உண்டா இல்லையா?" என்று நிற்கிறார்கள். தென்னம்பிள்ளை நட்டால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். இதில் என்ன பதில் சொல்வது?

"பாக்கலாம்னு சொல்லி வை" என்றார் என் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. கணக்கு நோட்டை எடுத்து வந்து நடுவில் வைத்து வாசித்தேன். வங்கியில் இருப்பது இவ்வளவு, காங்கேயத்து எண்ணெய் மில்லிலிருந்து வரவேண்டியது இவ்வளவு, நான் கட்டவேண்டிய கடன் இவ்வளவு. பொங்கல் வரைக்கும் பாதிக் கூலி தரமுடியும், அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். ஒருவரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அம்மா, "சரி, எம் மவன் திருப்பூர் போவட்டும், நான் இருக்கேன்" என்றார். உடனே அவரே, "சாஞ்ச மரத்துல முத்துன காய் கெடக்குது, அழுவுறதுக்குள்ள எடுப்போமா?" என்று கேட்டார். எனக்கு அந்த யோசனை வரவே இல்லை, நான் வங்கிக் கணக்கிலேயே மூழ்கியிருந்தேன். மரம் அறுக்கிற ஆட்களுக்கு முன்னால் ஓடி ஓடி, தோப்புக்காரர்களிடம் விலை பேசிக் காய் சேர்த்தோம். வெயில் அடித்த நாளெல்லாம் களம் நிறைந்திருந்தது.

திருப்பூர் போனவர்களில் சிலர் வாங்கியிருந்த முன்பணம் நின்றுபோனது. நோட்டில் எழுதிவைத்தேன், கேட்கவில்லை. கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். போய்க் கேட்டாலும் வந்திருக்காது.

திருத்துறைப்பூண்டி, பாரம்பரிய அரிசிப் பொருட்கள்

நான் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பாவில் அவலும் கஞ்சி மாவும் செய்து விற்கிறேன். வெளியூர்க் கடை ஒன்று சரக்கை வாங்கிக்கொண்டு, "அடுத்த மாசம் பாக்கலாம் மேடம்" என்றே ஓட்டியது. சின்ன ஆள் பெரிய கடையிடம் கறாராகப் பேசலாமா என்று எனக்குத் தயக்கம். எங்கள் ஆடிட்டர்தான் விவரம் சொன்னார். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். 2006-ம் வருடச் சட்டம். கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் வருடம் வரைக்கும் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2023-24 கணக்கிலிருந்து விதி வந்திருக்கிறது. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது, ஜவுளிக்கடை அக்கா கவனிக்க.)

பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தேன். மேனேஜரை விட்டுவிட்டு அந்தக் கடையின் கணக்குப் பிரிவுக்கே போன் செய்து இதைச் சொன்னேன். பணம் வந்தது. நான் பேசியதைப் பேக்கிங் செய்கிற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. அந்த வாரமே கவர் சப்ளை செய்பவரிடம் ஒரு பெண், "அளவு கம்மியா இருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை.

நாச்சியார்கோயில், விளக்குப் பட்டறை

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதெல்லாம் சரி. பித்தளை வேலையில் எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. குத்துவிளக்கின் பீடம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிச் சேர்ப்பது. கடைசலில் விழுகிற பித்தளைச் சீவலும் காசு. காலையில் கொடுத்த எடைக்குச் சாயங்காலம் உருப்படியும் சீவலும் சேர்ந்து கணக்குக் காட்ட வேண்டும். தராசு என் கையில்தான். ஆட்கள் மேல் சந்தேகப்பட்டு இல்லை, ஒருத்தர் மேல் ஒருத்தருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றுதான்.

ஆனால் வார்ப்பு நாளை நான் முடிவு செய்வதில்லை. வண்டல் மண் அச்சு இன்னும் காயவில்லை என்று வார்ப்புக்காரர் சொன்னால் அன்றைக்கு அடுப்பு எரியாது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று ஆர்டர்காரர் வந்து நின்றாலும் அவரிடம் பதில் சொல்ல வேண்டியது நான். ஈர அச்சில் உருகிய பித்தளையை ஊற்றினால் தெறிக்கும், நிற்பது அவர், நான் இல்லை.

மன்னார்குடி, மோட்டார் வைண்டிங் கடை

நாச்சியார்கோயில் அண்ணே, எங்களுக்கும் எடைதான் தலைவலி. எரிந்த காயிலிலிருந்து வரும் செம்புக் கம்பியைக் கழித்துத்தான் கூலி பேசுகிறோம். விலை சொல்வதைத் தம்பிக்குக் கொடுத்தாகிவிட்டது, தராசு இன்னும் என்னிடம் இருக்கிறது. தம்பி அதைக் கேட்கவில்லை, ஆனால் கேட்பார் என்று தோன்றுகிறது. நீங்கள் சீவலை ஆள்வாரியாக எடை போடுகிறீர்களா, மொத்தமாகவா?

நாச்சியார்கோயில், விளக்குப் பட்டறை

ஆள்வாரியாகத்தான். சாயங்காலம், கை கழுவுவதற்கு முன்னால், எல்லோரும் இருக்கும்போது. உங்களுக்கு வாடிக்கையாளரும் கூட நிற்க வேண்டும், கம்பி அவருடையது.